கனியும் நடையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது கல்லாறு. வழவழத்த உருண்டைக் கற்களின் மேல் ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடையலாம். விடுமுறை நாட்களில் கார்களும் பேருந்துகளும் வரிசையாக ஏறுகின்றன. வளைவுகளில் வண்டியை நிறுத்தி இறங்கிக் காட்சி காண்போர் பலரின் கையில் ஒரு தின்பண்டப் பொட்டலம் இருக்கும்.

சாலையை விட்டுக் காட்டுக்குள் நடந்தால் காணிக்காரர் குடியிருப்புகள் வருகின்றன. அகத்தியமலைத் தொடரில் கேரளப் பகுதியிலும், பாபநாசம், பேச்சிப்பாறை மலைகளில் தமிழகப் பகுதியிலும் வாழும் பழங்குடியினர் இவர்கள். இவர்களது பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். அகத்திய முனிவரை இவர்கள் போற்றுகின்றனர். கல்லாற்றுக் காட்டிலுள்ள மொட்டமூடு என்னும் குடியிருப்பைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா இவர்களுள் நாடறிந்தவர். 1950களில் அப்பகுதிப் பழங்குடிச் சிறுமியருள் பள்ளிக்குச் சென்றவர் அவர் ஒருவரே. தாயிடமிருந்து கற்ற ஏறத்தாழ 500 மூலிகை மருந்துகளை ஏட்டின் துணையின்றி நினைவில் வைத்திருந்தவர், பாம்புக்கடி மருத்துவத்தில் பேர்பெற்றவர் என்னும் சிறப்புகளுக்காக 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. வாகனம் எளிதில் செல்லாத அந்தக் குடிலைத் தேடி நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் சென்றனர். அவர்கள் நாடிச் சென்றது மருந்தை. அந்த மருந்தை அறிந்த மக்கள் எவ்வாறு உண்டனர், எவ்வளவு நடந்தனர், எப்போது உறங்கினர் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

உடல் பருமனைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியே முதலில் எழ வேண்டியது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடை உடையோர் இந்தியா முழுவதும் 24 விழுக்காடு. கேரளத்தில் 38 விழுக்காடு. தமிழகத்தில் 40 விழுக்காடு. ஆண்களின் கணக்கும் இதற்குப் பெரிதும் குறைந்ததன்று. கேரளத்தில் 36, தமிழகத்தில் 37. கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் இரு மாநிலங்களே இதிலும் முன்னிற்கின்றன. ஆகவே அறிவுக் குறைவு இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. எண்ணெயும் இனிப்பும் உடலைப் பெருக்கும் என்பதை அறியாதார் இன்று எவருமிலர்.

கனியின் கதை

1987ஆம் ஆண்டு டிசம்பரில், பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் அரசுத் திட்டம் ஒன்றின் சார்பில், டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் அறிவியலாளர் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டுக்குள் சென்றது. வழிகாட்டிகளாகக் காணிக்காரர் சிலர் உடன் சென்றனர். மலையேற்றத்தில் அறிவியலாளர்கள் களைத்துத் தள்ளாடினர். வழிகாட்டிகளோ களைப்பின் அடையாளமே இன்றி நடந்தனர். இடையிடையே அவர்கள் ஏதோ ஒரு சிறு கனியைப் பறித்து மென்றுகொண்டிருந்ததைக் குழுவினர் கவனித்தனர். தங்களுக்கும் தரப்பட்டதை உண்டபோது புதிய ஊக்கம் பிறந்ததாக உணர்ந்தனர். செடி எது என்று கேட்டதற்கு உடனே விடை கிடைக்கவில்லை. அது குலத்தின் மறைபொருள். பலமுறை வற்புறுத்திக் கேட்டபின்னரே செடி காட்டப்பட்டது.

'ஆரோக்கியப் பச்சை' எனப்படும் அச்செடி, கல்லாற்றுக்கு அருகே பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் ஆராயப்பட்டது. வேறு மூன்று மூலிகைகளுடன் சேர்த்து 'ஜீவனி' என்னும் ஊக்க மருந்து உருவாயிற்று. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் ஏழாண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. வருவாயில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாகி, அதைப் பெறுவதற்காக 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு தரப்பட்ட முன்மாதிரி என்று உலக அரங்குகளில் இது பேசப்பட்டது. பேசப்பட்ட அளவுக்குப் பணம் காட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா என்ற விவாதமும் கூடவே நடந்தது. அது தனிக் கதை.

இங்கே நினைக்கத்தக்கது வேறொன்று. கனியை உண்டவர்கள் அன்று காலை முதல் மலையேறியவர்கள். முந்தைய நாளும் அதற்கு முந்தைய நாளும் அவர்கள் ஏறியிருந்தனர். பிறந்து நடை பழகிய நாள்தொட்டு ஏறி வந்தனர். அவர்களது கால்களும் மூச்சும் அந்த ஏற்றத்துக்கென்றே பக்குவப்பட்டவை. உடன் சென்றவர்களின் கண்ணில் பட்டதோ கனி. நகரத்துக்கு வந்ததும் அதுவே. அதுகூட முழுமையாக வரவில்லை. காணிக்காரர் உண்டது கனியை, மருந்தில் சேர்ந்தது இலை. நடை காட்டிலேயே நின்றுவிட்டது. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. கனியைக் குப்பியில் அடைக்கலாம். முப்பது ஆண்டு நடையை எந்தக் குப்பியிலும் அடைக்க இயலாது.

இந்த மனநிலை ஊக்க மருந்தோடு முடிந்துவிடவில்லை. எடை குறைக்கும் தேநீர், கொள்ளுப் பொடி, தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர் என்று ஆண்டுதோறும் ஒரு கனி தேடப்படுகிறது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இவற்றைப் போன்றவை அல்ல. அவை பசியை உண்மையாகவே அடக்குகின்றன, உண்மையாகவே எடையைக் குறைக்கின்றன. மருத்துவர் தேவையென்று கருதும் நோயாளிகளுக்கு அவை பெரும் உதவி. ஆயினும் அவற்றுள் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பி வந்ததை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து நின்றது, நாளின் அமைப்பு பழையபடியே இருந்தது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. அதன் பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை என்பது பலருக்கும் வியப்பூட்டும். முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்பதும் அளவறிந்து உண்பதுமே அங்கு மிகுதியாகப் பேசப்படுகின்றன.

மெலிவு வந்த வழி

காட்டு வாழ்க்கையை நினைத்து உருகுவது எளிது. ஆனால் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. பழங்குடியினரின் மெலிந்த உடல் எப்போதும் நலத்தின் அடையாளமாக இருந்ததில்லை. பல வேளைகளில் அது பட்டினியின் அடையாளம். மழை பொய்த்த ஆண்டிலும், பயிரை யானையோ பன்றியோ அழித்த ஆண்டிலும், மெலிவு ஒரு துன்பமாகவே வந்தது. உணவின்றி மெலிவதை எந்த நெறியும் போற்றவில்லை. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் இருபுறத்தையும் ஒருங்கே விலக்குகிறது.

பட்டினியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது என்ன? காணிக்காரரின் பழைய உணவு மலைச்சரிவில் விளைந்த நெல், சிறுதானியம், காட்டு வள்ளிக்கிழங்கு, மரச்சீனி, ஓடை மீன், தேன் என்பவை. இவற்றுள் மரச்சீனி வெளியிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள், மக்களின் பசிப்பிணிக்கு மாற்றாக இக்கிழங்கைப் பரப்பினார். இன்றும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆய்வு நிறுவனம் ஒன்று 1963 முதல் இயங்கி வருகிறது. மரச்சீனி முழுக்க மாவுச்சத்து. எடை குறைக்க விரும்புவோர்க்கு எந்த மருத்துவரும் அதைப் பரிந்துரைக்க மாட்டார். அதே கிழங்கைத் தின்று மலையேறியவன் ஒல்லியாக இருந்தான். அதைத் தின்றுவிட்டுக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் பருக்கிறான்.

அப்படியானால் நடையே எல்லாம் என்று முடிவு செய்துவிடலாமா? அறிவியல் இங்கே ஒரு தடை சொல்கிறது. ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் ஒரு நாளைய ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அளந்து 2012இல் வெளியிட்டனர். நாள் முழுதும் நடக்கும் அம்மக்கள், அமெரிக்க நகரவாசிகளைவிட மிகுதியாக ஆற்றல் செலவிடுவர் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். உடலின் அளவைக் கணக்கில் கொண்டபோது இரு சாராரின் செலவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நடப்பவனின் உடல் பிற செலவுகளைச் சிக்கனப்படுத்திக்கொள்கிறது போலும். ஆக, ஹட்சா வேடரின் மெலிவுக்கு நடையில் எரியும் கலோரி மட்டும் காரணமாக முடியாது.

இதற்கு விடை தருவது போன்ற செய்தி ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. 1956இல் ஜீன் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞர், இந்திய அறிஞர்கள் இருவருடன் சேர்ந்து, மேற்கு வங்கத்தின் சணல் ஆலை ஒன்றில் பணிபுரிந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் ஆராய்ந்து வெளியிட்டார். சுமை தூக்குவோர், நெசவாளர், எழுத்தர், அங்காடியில் நாள் முழுதும் அமர்ந்திருப்போர் என்று பலதரப்பட்டவர்களும் அதில் இருந்தனர். இலேசான வேலை முதல் கடும் உழைப்பு வரை, உழைப்பு கூடக்கூட உணவும் கூடியது. எடை மட்டும் சீராக இருந்தது. அதாவது உழைப்பவர்களின் பசி கணக்குத் தவறவில்லை. வேலைக்கு ஏற்பவே பசித்தது. ஆனால் அசையாது அமர்ந்திருந்தவர்களிடம் இந்தக் கணக்கு உடைந்தது. அவர்கள் குறைவாக உண்டிருக்க வேண்டும். மாறாக, கடுமையாக உழைத்தவர்களை ஒத்த அளவில் உண்டனர். அவர்களே அந்த ஆலையில் மிகப் பருத்தவர்கள்.

ஓரளவு உழைப்புக்குக் கீழே இறங்கிய உடலில் பசி என்னும் தராசு பழுதாகிறது என்பதே இதன் பொருள். நடையின் பெரும்பயன் கலோரியை எரிப்பதில் இருப்பதைவிட, பசியை உண்மை பேச வைப்பதில் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தாலும் இது விளங்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதைச் செலவிட இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். காலையில் பூங்காவைச் சுற்றிவிட்டு, நடந்தோமே என்ற நிறைவில் உணவகத்தில் நெய்த் தோசை உண்போர் ஏன் மெலிவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சாலை வாசலுக்கு வந்தபின்

காட்டில் இருந்தவர்க்கு இவற்றுள் எதுவும் விரதமன்று. தண்ணீர் ஓடையில் இருந்தது, ஆகவே நடந்தனர். தின்பண்டம் இல்லை, ஆகவே இரு வேளைகளுக்கு இடையே உண்ணவில்லை. விளக்கு இல்லை; ஆகவே பொழுது சாய்ந்தபின் உண்டு உறங்கினர். இடமே அவர்களுக்கு வரம்பு வகுத்தது. வாசலுக்குச் சாலையும், சமையலறைக்கு எரிவாயுவும், கைக்கு அலைபேசியும் வந்துவிட்ட வீட்டில் அந்த வரம்பை வகுப்பவர் எவருமில்லை. அந்தச் சாலை காணிக்காரர் குடியிருப்புகளையும் நெருங்கிவருகிறது; நகரத்தார் எதிர்கொள்ளும் கேள்வி நாளை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும். ஆகவே இடம் தந்ததை இனி மனிதர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாள்தோறும் மனவுறுதியால் போராடுவதைக் காட்டிலும் வீட்டின் அமைப்பை ஒருமுறை மாற்றிவிடுவது எளிது. கண்ணெதிரே கண்ணாடிப் புட்டியில் முறுக்கு இருக்கும் வீட்டில் மனவுறுதி மாலை ஐந்து மணி வரைதான் தாங்கும்.

2019இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் நடத்திய சோதனை இதை அழுத்தமாகக் காட்டியது. இருபது பேர் நான்கு வாரம் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். இரண்டு வாரம் ஆலைகளில் பலபடிப் பக்குவம் செய்யப்பட்ட உணவு. இரண்டு வாரம் வீட்டுப் பக்குவ உணவு. பரிமாறப்பட்ட இருவகை உணவிலும் இனிப்பு, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை ஒத்த அளவில் இருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம். ஆலை உணவு தரப்பட்ட நாட்களில் அதே மனிதர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். இரண்டு வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை கூடினர். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தனர். அவர்களுடைய குணமோ வைராக்கியமோ இடையில் மாறவில்லை. மாறியது தட்டு.

ஆகவே முதல் வேலை கடைப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுக்குள் வராத பொட்டலத்தை எவரும் நள்ளிரவில் பிரிக்க முடியாது. விருந்தினர்க்கென்று வாங்கி வைக்கும் பிஸ்கட்டைப் பெரும்பாலும் வீட்டாரே தீர்க்கின்றனர்.

அடுத்தது தேநீர். அற்பமாகத் தோன்றும் இதில் ஒரு பெருங்கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, நாளுக்கு நான்கு குவளை என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கிலோ சர்க்கரை. எட்டுத் தேக்கரண்டி, உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஏற்றதென்று பரிந்துரைக்கும் 25 கிராமைத் தாண்டிவிடுகிறது. அதன்பின் அன்று ஒரு துண்டு இனிப்புக்கும் இடமில்லை. ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்துவோர் பத்தாம் நாள் திரும்பிவிடுவர். வாரத்துக்கு அரைக்கரண்டியாகக் குறைப்போரின் நாவு தானே பழகிக்கொள்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பழைய தேநீர் பாயசம்போல் திகட்டும்.

சோற்றின் அளவு பற்றி ஒரு சொல். தமிழர் உணவில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் இருப்பது நெடுநாள் வழக்கம். உழவனுக்கு அது பொருந்தியது. காயையும் பருப்பையும் முதலில் இலையில் இட்டு, எஞ்சிய இடத்தில் சோறிடுவது என்னும் சிறு மாற்றம் போதும். எதையும் எடை போட வேண்டியதில்லை. வயிற்றில் காற்பங்கை வெறுமையாக விடுவதை 'மிதாகாரம்' என்று ஹடயோக நூல்கள் கூறுகின்றன. ஜப்பானின் ஒகினாவா தீவு முதியோரும் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் எழுவதை வழக்கமாகக் கொண்டவர்கள். நிறைவுச் செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பர். பத்து நிமிடத்தில் உண்டு முடிப்பவர் அச்செய்தி வருமுன்பே மிகையாக உண்டுவிடுகிறார். தொலைக்காட்சியையோ அலைபேசியையோ பார்த்துக்கொண்டு உண்பவர்க்கு அது வந்தும் கேட்பதில்லை. உண்ணும்போது பேசாதிருத்தல் என்னும் பழைய ஒழுக்கம் ஆசாரம் என்று கைவிடப்பட்டது. அதில் வயிற்றின் குரலைக் கேட்கும் வசதியும் இருந்தது.

நடையை ஒரு மணி நேரச் சடங்காக மட்டும் கருதுவது இன்னொரு பிழை. ஜேம்ஸ் லெவின் என்னும் மருத்துவர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி எதுவும் செய்யாத ஒல்லியானவர் பத்துப் பேரையும் பருத்தவர் பத்துப் பேரையும் ஒப்பிட்டார். பருத்தவர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தனர். வேறுபாடு விளையாட்டுத் திடலில் இல்லை, வீட்டில் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் பிறரை ஏவாமல் தாமே எழுவது, தொலைபேசியில் நின்று பேசுவது, துணியைக் கையால் உலர்த்துவது, ஒரு நிறுத்தம் முன்னதாகப் பேருந்திலிருந்து இறங்குவது ஆகியவை சேர்ந்த தொகைதான் அந்த இரண்டு மணி நேரம். முதியோர்க்கு எல்லா வேலையையும் பிள்ளைகளே செய்து கொடுத்துவிடுவது அன்பு என்றே கருதப்படுகிறது. முழங்காலில் வலி இல்லாதவரை, தம் தட்டைத் தாமே எடுத்துச் செல்ல விடுவதும் அன்புதான்.

மனம் செய்யும் வேலை

பழக்கத்தைவிட நுட்பமானது மனப்பாங்கு. இல்லத்தரசியர் பலரது உடற்பருமனுக்கு மூலம் ஆசையன்று. வீணாக்கலாகாது என்னும் நல்ல எண்ணம். பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, பாத்திரத்தில் ஒட்டிய கடைசிப் பிடிச் சோறு, மாலையில் எஞ்சிய வடை என யாவும் அவர் வயிற்றுக்கே போகின்றன. உணவைத் தெய்வமாகக் கருதும் பண்பாட்டில் இந்த எண்ணம் இயல்பானது. ஆனால் பசியில்லாத வயிற்றில் இட்ட உணவும் வீணானதே. குப்பையில் இட்டதைவிடக் கூடுதல் தீங்கும் செய்கிறது. அரிசியைக் களையும்போதே ஒரு பிடியைக் குறைப்பது இதற்கு உற்ற வழி.

விருந்தோம்பலிலும் இப்படியொரு முடிச்சு உண்டு. "இன்னும் கொஞ்சம்" என்று மும்முறை வற்புறுத்தாவிட்டால் உபசாரம் குறைந்ததாக எண்ணும் வீடுகள் பல. மறுப்பவர் மனம் நோகச் செய்தவராகிறார். அவரை வேண்டிய அளவு உண்ணவிட்டு, அருகில் அமர்ந்து உரையாடுவதிலும் உபசாரம் குறைவதில்லை.

விரத நாட்களும் கவனத்துக்குரியன. ஏகாதசியில் அரிசியை விலக்கிவிட்டு, கேசரியும் உளுந்து வடையும் உண்பவர் அன்று வழக்கத்தைவிட மிகுதியாகவே உண்கிறார். பகல் முழுதும் பட்டினி கிடந்து இரவில் ஈடுகட்டுவதும் அவ்வாறே. இதனால் விரதத்தின் பெருமை குறையாது. ஆனால் அதை எடை குறைக்கும் உபாயமாகக் கணக்கு வைத்துக்கொள்வது பயனற்றது.

எல்லாவற்றிலும் தீங்கானது, ஒரு தவறுக்குப்பின் அன்றைய நாளையே கைவிட்டுவிடும் மனம். காலையில் ஒரு லட்டு தின்றாயிற்று, இனி இன்று எதற்குக் கட்டுப்பாடு என்னும் நினைப்பு, ஒரு லட்டைப் பத்தாக்குகிறது. திங்கட்கிழமை, அமாவாசை, புத்தாண்டு என்று நாள் குறித்துத் தொடங்குவோரிடம் இது மிகுதி. அவர்கள் எடையை வெறுப்பதில்லை, தம்மையே வெறுக்கின்றனர். உடல்வாகில் பெரும்பகுதி பெற்றோரிடமிருந்து வருவது என்பதை இரட்டையரைக் கொண்டு நடந்த ஆய்வுகள் பலமுறை நிறுவியுள்ளன. ஒரே உணவை உண்ணும் உடன்பிறந்தோரில் ஒருவர் பருத்தும் ஒருவர் மெலிந்தும் இருப்பதைக் காணாத குடும்பம் உண்டா? பருத்தவரைக் கேலி பேசுவோர் அவருக்கு நன்மை செய்வதாக நினைப்பதும் உண்டு. கேலிக்குள்ளானவர் தனிமையில் கூடுதலாகவே உண்கிறார். தைராய்டு குறைபாடு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் எடை கூடும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரிடம் கேளாமல் உணவு வேளையைத் தள்ளிப்போடலாகாது. முயலாமலே எடை குறைந்தால் மகிழாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

எடையைக் குறைத்தோர் பலர். குறைந்ததைக் காத்தோர் சிலர். அந்தச் சிலரைப் பற்றி அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு பராமரிக்கப்பட்டது. 13.6 கிலோவுக்குக் குறையாமல் எடையிழந்து, ஓராண்டேனும் அதைக் காத்தவர்களே அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர்கள் கையாண்ட உணவுமுறைகள் பலவகை. பழக்கங்களோ வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன. பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுழைப்பில் ஈடுபட்டனர். 78 விழுக்காட்டினர் காலையுணவைத் தவிர்ப்பதில்லை. 62 விழுக்காட்டினர் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே தொலைக்காட்சி பார்த்தனர். நான்கில் மூவர் வாரம் ஒருமுறையேனும் எடை பார்த்தனர். இவை அவர்களே சொன்னவை, தாமாக முன்வந்தவர்களின் செய்தி என்பதால் சற்றுத் தள்ளியே எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் இதில் அரிய கனி எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

எடை பார்ப்பதில் மட்டும் ஒரு முறை வேண்டும். வாரத்தில் ஒரே கிழமை, காலையில், உண்பதற்கு முன் பார்த்தால் போதும். ஒரு நாளில் கூடும் ஒரு கிலோ பெரும்பாலும் நீரே. அதற்காக வருந்துவோரும், குறைந்ததென்று கொண்டாடுவோரும் ஒரே மயக்கத்தில் உள்ளவர்கள். இந்தியர்களுக்கு எடையைவிட இடுப்பளவு நம்பத்தக்கது. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல் இங்கே மிகுதி. அதனால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதை இந்திய மருத்துவர்கள் எல்லையாகக் கொள்கின்றனர். தையற்காரரின் அளவுநாடா ஒன்றை அலமாரிக் கதவில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை தொப்புளை ஒட்டிச் சுற்றி அளந்து நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். மூச்சை உள்ளிழுத்து அளப்பதால் எண் குறையும், இடுப்பு குறையாது.